முன்னாடி புதுசு... பின்னாடி மொட்டை! கார்களில் ஓடும் 'கலப்பு டயர்' விபரீதம்

காரைக்குடி:

2025 டிசம்பர் 24-ந் தேதி இரவு. கடலூர் மாவட்டம் திட்டக்குடி அருகே எழுத்தூரில், திருச்சி - சென்னை தேசிய நெடுஞ்சாலையில் வந்த அரசு பஸ்சின் டயர் வெடித்தது. தறிகெட்டு ஓடிய பஸ், நடுவில் இருந்த தடுப்பைத் தாண்டி எதிரே வந்த 2 கார்கள் மீது மோதியது. 9 பேர் பலியானார்கள்.

டயர் வெடித்தது பஸ்சில். செத்துப் போனவர்கள் கார்களில் வந்தவர்கள். தங்கள் பாதையில் ஒழுங்காகப் போய்க்கொண்டு இருந்தவர்கள்.

காரைக்குடியில் இருந்து சென்னைக்குக் காரில் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் திருச்சியைப் பிடித்து அதே சாலையில்தான் போகிறார்கள். அதனால்தான் அந்தச் செய்தி வந்த மறுநாள் டீக்கடை பெஞ்சுகளில் வேறு பேச்சே இல்லை. ஆனால் அந்தப் பேச்சு பஸ்சோடு நின்று விட்டது. அவரவர் வீட்டு வாசலில் நிற்கிற காரின் 4 டயரும் என்ன நிலைமையில் இருக்கிறது என்று குனிந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

4 சக்கரம், 3 கம்பெனி

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்களின் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் காட்சி. முன்னாடி இடது பக்கம் ஒரு கம்பெனி. வலது பக்கம் வேற கம்பெனி. பின்னாடி ஒன்று பாதி தேய்ந்தது, இன்னொன்று முழு மொட்டை. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி, கார் ஷோரூமில் இருந்து வந்த நாளில் இருந்து மண்ணையே பார்க்காதது.

யாரும் வேண்டும் என்று செய்வது இல்லை. மாதக் கடைசியில் ஒரு டயர் போய் விடும். கையில் இருக்கிற காசுக்கு ஒன்றே ஒன்று வாங்கிப் போடுவார்கள். 6 மாதம் கழித்து இன்னொன்று. அதுவும் அப்போது கடையில் எது மலிவோ அது. இப்படியே 2 வருஷத்தில் கார் ஒரு டயர் கண்காட்சி ஆகி விடும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவருக்கு 4 டயரையும் ஒரே நாளில் மாற்று என்று சொல்வது ரொம்ப சுலபம். அந்தப் பணத்தை எடுத்து வைப்பதில்தான் கஷ்டம்.

ஆகவே கலப்பே கூடாது என்று யாரும் சொல்லப் போவது இல்லை. எந்தக் கலப்பு தாங்கும், எந்தக் கலப்பு ஆளைக் கொல்லும் என்பதுதான் விஷயம்.

கம்பெனி மாறினால் பரவாயில்லை... அளவு மாறினால்?

டயரின் பக்கவாட்டில் அச்சடித்து இருக்கும் எண்களைப் பலர் கவனிப்பதே இல்லை. உதாரணத்துக்கு 165/80 ஆர்14 85டி. வாடகைக்கு ஓடும் செடான் கார்களில் ரொம்ப சாதாரணமாகப் பார்க்கிற அளவு இது.

165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம் என்று அர்த்தம். ஆர் என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் அளவு, அங்குலத்தில். 85 என்பது அந்த ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு, 515 கிலோ. டி என்றால் அந்த டயர் தாங்கும் அதிகபட்ச வேகம் 190 கிலோ மீட்டர்.

இந்த டயர் இருக்கிற காரில் அதே ரிம்முக்குச் சேருகிறதே என்று 175/65 ஆர்14 டயர் ஒன்றை மாட்டி விடுகிறார்கள். ரிம் 14, டயரும் 14, அப்புறம் என்ன என்று கேட்பார்கள். கணக்குப் போட்டால் தெரியும். முதல் டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர். இரண்டாவது டயரின் விட்டம் 583தான். கிட்டத்தட்ட 37 மில்லிமீட்டர் குள்ளம்.

ஒரு கிலோ மீட்டர் ஓட, பெரிய டயர் சுமார் 514 முறை சுற்றும். சின்ன டயர் 546 முறை சுற்றும். காரைக்குடியில் இருந்து திருச்சிக்கு 90 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்துச் சக்கரம் அடுத்த பக்கத்தை விடச் சுமார் 2,900 சுற்று கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். முன் சக்கரங்களில் இப்படி இருந்தால் அத்தனை வித்தியாசத்தையும் வழியெல்லாம் வாங்கிக் கொள்வது கியர் பாக்சுக்குள் இருக்கும் டிபரென்ஷியல். அது வளைவுகளில் திரும்பும்போது வேலை செய்யப் படைக்கப்பட்டது. நேர்ரோட்டில் மணிக்கணக்கில் அரைபட அல்ல. ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும். அவசரமாக பிரேக் அடித்தால் கார் நேராக நிற்காது.

இப்போது வரும் கார்களில் ஏ.பி.எஸ். பிரேக் இருக்கிறது. 4 சக்கரமும் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் எப்போதும் வேகமாகச் சுற்றினால் அதற்கும் குழப்பம்தான்.

அதனால் முதல் கட்டளை இதுதான். ஒரு அச்சில், அதாவது முன்னாடி 2 அல்லது பின்னாடி 2, ஒரே அளவு, ஒரே ரகம், ஒரே அளவு தேய்மானம். கம்பெனியும் ஒன்றாகவே இருந்தால் ரொம்ப நல்லது. ஒன்று வெடித்துப் போனால், முடிந்த மட்டும் 2 டயராக மாற்ற வேண்டும். கழற்றிய நல்ல டயர் வீணாகப் போகாது. ஸ்டெப்னிக்கு வைத்துக் கொள்ளலாம்.

முன்னாடியா... பின்னாடியா? பட்டறைச் சண்டை

புதுசாக 2 டயர் வாங்கியாச்சு. எங்கே மாட்டுவது? பட்டறையில் யாரைக் கேட்டாலும் 'முன்னாடிதான் போடணும்' என்பார்கள். காரணமும் சொல்வார்கள். என்ஜின் வெயிட் முன்னாடி, ஸ்டீயரிங் முன்னாடி, இழுவையும் முன்னாடி. கேட்டால் நியாயமாகத்தான் தெரியும்.

ஆனால் மிச்செலின் உள்ளிட்ட பெரிய டயர் கம்பெனிகள் பல வருஷங்களாகச் சொல்லி வருவது நேர் எதிர். புது டயர் 2-ம் பின்னாடி போகட்டும். கார் முன் சக்கரத்தில் இழுக்கிறதா, பின் சக்கரத்தில் தள்ளுகிறதா என்பது பற்றிக் கவலை இல்லை.

ஏன் என்பதை மழை நாளில்தான் புரிந்து கொள்ள முடியும். ரோட்டில் தண்ணீர் நிற்கிறது. டயரின் பட்டன்களுக்கு இடையே உள்ள காடிகள்தான் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளி, ரப்பர் ரோட்டைப் பிடிக்க வழி செய்கின்றன. மொட்டை டயரில் காடி இல்லை. தண்ணீரின் மேலேயே டயர் மிதக்கும்.

முன் டயர் மிதந்தால் ஸ்டீயரிங் லேசாகி, திருப்பினாலும் கார் நேராகப் போகும். டிரைவருக்கு உடனே தெரியும். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலே வேகம் குறைந்து பிடிமானம் திரும்பி விடும். பின் டயர் மிதந்தால் கதையே வேறு. முன்பக்கம் ரோட்டைப் பிடித்து இருக்க, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வந்து கார் பம்பரம் மாதிரிச் சுற்றி விடும். டிரைவருக்குத் தெரிய வரும்போது கார் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும். அந்த நேரத்தில் காலை எடுத்தாலும், பயத்தில் பிரேக் அடித்தாலும் சுற்றல் இன்னும் அதிகம்தான் ஆகும். பழுத்த டிரைவர்களாலேயே சமாளிக்க முடியாத நிலைமை அது.

அப்படியானால் முன்னாடி மொட்டையோடு ஓட்டலாமா என்று கேட்கக் கூடாது. பாதி தேய்ந்தது முன்னாடி, புதுசு பின்னாடி என்பதுதான் அதன் அர்த்தம். மொட்டை எங்கேயும் இருக்கக் கூடாது. முன் டயர்தான் சீக்கிரம் தேயும் என்பதால், சுழற்சி முறையில் அவ்வப்போது இடம் மாற்றிக்கொண்டே வந்தால் 4-ம் சேர்ந்து தேயும், 4-ஐயும் சேர்த்து மாற்றலாம். செலவுக் கணக்கிலும் அதுவே லாபம்.

அம்பாசிடர் விவகாரம்

செட்டிநாட்டுக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு இன்னமும் சிலர் அம்பாசிடரைத் தேடுகிறார்கள். உற்பத்தி 2014-லேயே நின்று போன கார். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளில் பழைய கார்களைத் துடைத்துப் பாதுகாத்து வைத்திருப்பவர்களும் உண்டு. இங்கேதான் ரொம்ப மோசமான கலப்பு நடக்க வாய்ப்பு.

அம்பாசிடரின் பழைய டயர் 5.90-15 அளவு, டியூபோடு வரும் கிராஸ் பிளை டயர். உள்ளே உள்ள நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்வாக ஓடும். பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். 1946-ல் பிரான்சில் மிச்செலின் கம்பெனி காப்புரிமை வாங்கிய ரேடியல் டயரில் நூல்கள் நேராக ஓடும், மேலே எஃகுப் பட்டி சுற்றி இருக்கும். பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும், ரோட்டில் படும் பரப்பு அப்படியே பதிந்து நிற்கும்.

வளைவில் திரும்பும்போது இந்த 2 ரகமும் 2 விதமாக நடந்து கொள்ளும். ஒரே அச்சில் ஒன்று ரேடியல், ஒன்று கிராஸ் பிளை போட்டால் கார் எந்தப் பக்கம் போகும் என்று அந்த பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்கே தெரியாது. இங்கிலாந்தில் இப்படி மாட்டி ரோட்டுக்கு வந்தால் சட்டப்படி குற்றம். 4-ஐயும் ஒரே ரகமாக மாற்ற வேண்டும். வழியே இல்லாமல் 2 ரேடியல்தான் கையில் இருக்கிறது என்றால் அவை பின்னாடிதான். முன்னாடி ரேடியல், பின்னாடி கிராஸ் பிளை என்பது சுற்றி விடும் கூட்டணி.

ரப்பருக்கும் செட்டிநாட்டுக்கும் இருக்கிற பழைய சொந்தம் பலருக்கு மறந்து இருக்கும். கொண்டு விற்கப் போன நகரத்தார் மலாயாவில் ரப்பர் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தார்கள், பலர் தோட்டங்களுக்கே சொந்தக்காரர் ஆனார்கள். உலகத்துக்கு டயர் ஆகப் போன ரப்பரின் கணக்கு ஒரு காலத்தில் இந்த ஊர் ஏடுகளில் எழுதப்பட்டது.

வயசான டயர்

பட்டன் இருக்கிறதே, இன்னும் ஓடும் என்பதுதான் ஸ்டெப்னி விஷயத்தில் எல்லோரும் ஏமாறும் இடம். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் கெடும். வெயிலில் இன்னும் சீக்கிரம் கெடும். செட்டிநாட்டுக் கத்திரி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டயரின் பக்கச்சுவரில் ஒரு குறியீட்டு வரிசையின் கடைசியில் 4 இலக்கம் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்கூட இது இருக்கலாம், எனவே உள்பக்கமும் பார்க்க வேண்டும். 5 வருஷம் தாண்டினால் வருஷத்துக்கு ஒரு தடவை விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். 10 வருஷம் ஆனால் பட்டன் இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும் என்பது டயர் கம்பெனிகளின் கணக்கு. 6 வருஷத்திலேயே மாற்றச் சொல்லும் கார் கம்பெனிகளும் உண்டு.

பழைய டயர் வாங்குபவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் இந்த 4 இலக்கத்தைப் பார்க்க வேண்டும். மொட்டையான டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகக் காடி வெட்டி, கறுப்பு பாலிஷ் போட்டு விற்பதும் நடக்கிறது. பார்க்கப் பளபள என்று இருக்கும். காடிக்கு அடியில் நூல் அடுக்கை மூடி இருப்பது காகிதம் மாதிரி ரப்பர்தான். காடிக்குள் கை விட்டுப் பார்த்தால், கம்பெனி டயரில் குறுக்கே சின்ன மேடுகள் தட்டுப்படும். அது தேய்மான அடையாளம். வெட்டிய டயரில் அந்த மேடு இருக்காது, அல்லது வெட்டுப்பட்டு இருக்கும்.

டியூப்லெஸ் டயரில் டியூபைப் போட்டு ஓட்டுவது இன்னொரு நாட்டு வைத்தியம். ஆணி ஏறினால் டியூப்லெஸ் டயர் மெல்ல மெல்லத்தான் காற்றை விடும். டியூப் போட்டு விட்டால் ஒரே அடியாக இறங்கும். போதாக்குறைக்கு டியூபும் டயரும் உரசிச் சூடு ஏறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-வது விதி டயர் பற்றியது. கார்களுக்கு டயரின் காடி ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. டூவீலர், ஆட்டோ போன்ற 3 சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டர். நூல் வெளியே தெரியக் கூடாது, வீக்கம் இருக்கக் கூடாது.

விதி இருக்கிறது. பார்ப்பது யார்? மஞ்சள் போர்டு கார் எப்.சி.க்குப் போயாக வேண்டும். அன்றைக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக் காட்டுவது டிரைவர்கள் வட்டாரத்தில் ரொம்பப் பழைய ஜோக். வெள்ளை போர்டு சொந்தக் காருக்கு அதுவும் இல்லை. ஷோரூமில் இருந்து வெளியே வந்தால் 15 வருஷத்துக்கு டயரை அதிகாரிகள் பார்க்கும் கட்டாயமே கிடையாது. ஹெல்மெட் போடாதவர் தூரத்தில் வரும்போதே தெரிகிறார். மொட்டை டயர் தெரிய யாராவது குனிய வேண்டும்.

மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் மட்டும் தமிழகத்தில் 64,105 சாலை விபத்துகள். 17,884 பேர் பலி. நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் அந்த வருஷம் தமிழகம்தான். இதில் டயரால் நடந்தது எத்தனை என்று சரியாகப் பிரித்துச் சொல்வது கஷ்டம். வேகமாகப் போனவரின் டயர் மொட்டை என்றால் அது 'அதிவேகம்' என்ற கணக்கில் போய் விடும். 'டிரைவரின் கட்டுப்பாட்டை இழந்து' என்று போலீசும் பத்திரிகைகளும் எழுதுகிற அந்த 3 வார்த்தைக்குள் எத்தனை டயர் ஒளிந்து கிடக்கிறதோ.

'கடவுள் செயல்' செல்லாது

டயர் வெடிப்பது யார் கையிலும் இல்லை, விதி என்று சொல்பவர்களுக்கு மும்பை ஐகோர்ட்டு 2023 பிப்ரவரியில் ஒரு பதில் கொடுத்தது. 2010 அக்டோபரில் புனேயில் இருந்து மும்பைக்குப் போன ஒரு கார், பின் டயர் வெடித்துப் பள்ளத்தில் கவிழ்ந்து ஒருவர் இறந்தார். அவர் குடும்பத்துக்கு 1 கோடியே 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது தீர்ப்பாயம். டயர் வெடித்தது கடவுள் செயல், நாங்கள் பணம் தர முடியாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி ஐகோர்ட்டுக்குப் போனது.

கோர்ட்டு ஏற்கவில்லை. மனிதனால் முன்கூட்டியே எதிர்பார்க்க முடியாத இயற்கைச் சம்பவம்தான் கடவுள் செயல், டயர் வெடிப்பது மனித அலட்சியம் என்று சொல்லி அப்பீலைத் தள்ளி விட்டது. வேகம், காற்று குறைவு, காற்று கூடுதல், பழைய டயர், வெயில் என்று பல காரணங்கள் இருக்க, அவற்றை டிரைவர் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அலட்சியம் என்று கோர்ட்டு சொன்னால் அது இரு பக்கமும் வெட்டும். இறந்தவர் குடும்பத்துக்குப் பணம் கிடைத்தது. அதே நேரத்தில், டயரைப் பார்க்காமல் வண்டி எடுத்தவர் இனிமேல் விதி மேல் பழி போட முடியாது.

400 ரூபாய் மிச்சம்

2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி இல்லாமல் 4 ஆயிரம் ரூபாய் விலை உள்ள டயர் முன்பு 5,120 ரூபாய். அதன் பிறகு 4,720. ஒரு டயருக்கு 400, நாலுக்கு 1,600 ரூபாய் மிச்சம். வீல் அலைன்மென்ட், பேலன்சிங் செய்கிற காசு அதிலேயே வந்து விடும். கலப்பு டயரில் ஓடிய காருக்கு அதைச் செய்யாமல் புது டயரை மாட்டினால் அதுவும் ஒரு பக்கமாகத் தேயும்.

காசே இல்லாத வேலையும் இருக்கிறது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் ஒட்டி இருக்கும். எத்தனை பேர் ஏறினால் எவ்வளவு காற்று என்று அதில் போட்டு இருக்கும். கல்யாணச் சீர்ப் பாத்திரங்களை டிக்கியில் அடைத்து, பின் சீட்டில் 4 பேரை ஏற்றிக்கொண்டு, தனியாகப் போகும்போது வைத்த அதே காற்றில் வண்டியை எடுப்பது தப்பு. டயர் சூடாகும் முன்னால், காலையில் பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்க்குகளில் காற்று இலவசம். நைட்ரஜனுக்குக் காசு கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். சும்மா கிடைக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

தை மாதம் குன்றக்குடியில் இருந்து பழனிக்குக் காவடியோடு பாதயாத்திரை போகும் கூட்டம் ரோட்டோரம் விடிய விடிய நடக்கும். பின் சக்கரம் வழுக்கிச் சுற்றும் ஒரு கார் அந்தக் கூட்டத்துக்குள் போனால் என்ன ஆகும்?

ஸ்டெப்னிக்கு ஒரு வார்த்தை. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் இருந்த கம்பெனி விற்ற உபரிச் சக்கரம் அது. அந்தத் தெருப் பெயரே இங்கே டிரைவர்கள் வாயில் நிலைத்து விட்டது. இப்போது பல கார்களில் ஓடும் சக்கரம் பெரிய அலாய், ஸ்டெப்னி சின்ன இரும்பு ரிம். அதை மாட்டிய நிமிஷத்தில் கார் கலப்பு டயர் கார்தான். அதன் மேல் 80 கிலோ மீட்டருக்கு மேல் போகாதே என்று ஸ்டிக்கர் ஒட்டி இருக்கும். பஞ்சர் கடை வரை போகத்தான் அது. சென்னை வரை போக அல்ல.

2020 ஜூலையில் வந்த விதித் திருத்தப்படி, டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் கிட்டும் இருக்கிற கார்களுக்கு ஸ்டெப்னியே கட்டாயம் இல்லை. அந்தக் கருவி காற்று குறைந்தால் சத்தம் போடும். டயர் மொட்டையா, வயசானதா, பக்கத்துச் சக்கரத்தோடு ஒத்துப் போகிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.